தேய்ந்த சங்கிலி ரம்பத்தை வீட்டுப் பட்டறையில் மராமத்துச் செய்தல்

வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டிப் படுகையை ஒட்டிய கிராமங்களில், மாட்டுக் கொட்டகையின் மூலையிலோ நெற்குதிரின் பின்புறத்திலோ ஓடாத சங்கிலி ரம்பம் ஒன்று கிடப்பது இப்பொழுது அபூர்வமான காட்சியன்று. 'செயின்சா' என்றும் 'மரம் அறுக்கிற மிஷின்' என்றும் வேலையாட்கள் வழங்கும் இவ்வியந்திரத்தின் அருமையை, 2018 ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16 ஆம் தேதி விடியுமுன் வேதாரணியம் பக்கத்தில் கரையேறிய கஜா புயல் டெல்டாவாசிகளுக்கு நன்கு உணர்த்திற்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. ஒரு மரத்திற்கென அரசாங்கத்தார் அறிவித்த 1,100 ரூபாயில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அகற்றும் செலவுக்கே என்பதிலிருந்து அவ்வேலையின் பளுவை ஒருவாறு ஊகிக்கலாம். கோடரியையும் இருவர் இழுக்கும் வாளையும் நம்பியிருந்தால் தோப்புகள் அடுத்த நடவுக்குள் துப்புரவாகியிரா.

அவசரத்தில் வாங்கப்பட்ட இயந்திரம் அவசரத்திலேயே உழைக்கும். சங்கிலி தீட்டப்படுவதில்லை, காற்று வடிகட்டி கழுவப்படுவதில்லை, இரண்டு மூன்று பேர் கைமாறி, முடிவில் ஒரு நாள் வெட்டிக் கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. "ஆயுள் முடிந்தது" என்று சொல்லப்படும் இயந்திரங்களுள் பல உண்மையில் முடிந்தவையல்ல. ஆனால் அவற்றை மராமத்துச் செய்வதில் ஒரு பெரும் பிசகு சர்வசாதாரணமாக நேரிடுகிறது. எரிந்த பிஸ்டனைக் கழற்றிப் புதுப் பிஸ்டனைப் போட்டு, ஓடுகிறதென்று திருப்தியடைகிறார்கள். முதற்பிஸ்டன் எக்காரணத்தால் எரிந்ததோ அக்காரணம் உள்ளேயே இருப்பதால், இரண்டாவது பிஸ்டன் ஒரு மத்தியானத்திற்குள் அதே கதியை அடைகிறது. செலவு இரட்டித்தது, கூலியும் போயிற்று. ஆகையால் இவ்வியந்திர மராமத்தில் முதல் வேலை பாகம் மாற்றுவதன்று, காரணம் காண்பதேயாகும்.

இயந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகக் கூறுவது பொருத்தமாகும். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஷ்டீல் என்பவர் 1926 ல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தையும் 1929 ல் பெட்ரோலால் ஓடுவதையும் செய்தார். பின்னது 46 கிலோ எடை; இருவர் பிடித்தாலன்றி ஓட்ட முடியாது. அக்காலத்துச் சங்கிலியின் பற்கள் கைவாளின் பற்களைப் போன்றே மரத்தைச் சுரண்டின. அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலிலிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஒன்று தன் இரு தாடைகளாலும் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போவதைக் கவனித்து, அதே விதமாக இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் சங்கிலியை 1947 ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். தென்னைக்குச் சத்துருவான புழுவைத் தேடிக் குத்தி எடுக்கும் விவசாயிக்கு, அதன் இனத்தானிடமிருந்தே இன்றைய சங்கிலி பிறந்தது என்பது சற்று விசித்திரமாகத் தோன்றலாம்.

பட்டறை

இதற்குத் தனிக் கட்டிடம் வேண்டியதில்லை. மழைச் சாரல் படாத தாழ்வாரமும், உறுதியான மரமேஜையில் பதித்த ஒரு வைஸும், ஸ்பானர், நட்சத்திரத் தலைத் திருகுக்குரிய திருப்புளிகள், உருண்டை அரம், தட்டை அரம், பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்பு, வெள்ளைத் துணி ஆகியவையும் போதும். வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக வைக்கவேண்டும். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. அடுக்களைக்கு அருகில் பெட்ரோலைத் திறக்கலாகாது. வாணவெடி செய்யும் ஊராகிய வலங்கைமானில் தீயின் குணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவு வேலை நெருக்கும் காலத்தில் இதில் கைவைப்பது வீண். கோடை ஓய்வில் தொடங்கினால், ஐப்பசி கார்த்திகையில் புயல் வரும்போது இயந்திரம் கைக்கு ஆயத்தமாயிருக்கும்.

கழற்றுமுன் செய்யவேண்டியவை

சுவிச்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிடவேண்டும். நல்ல இயந்திரம் தயங்கித் தயங்கிப் படிப்படியாகக் கீழிறங்கும். நிற்காமல் சரசரவென்று இறங்கினால் உள்ளழுத்தம் போய்விட்டது. அழுத்தமானி இருந்தால் பிளக் துளையில் பொருத்திச் சோதிக்கலாம். நல்ல நிலையில் முகப்பிலுள்ள பி.எஸ்.ஐ. கணக்கில் சுமார் 150 காட்டும். 100 க்குக் கீழ் போனால் பிரித்தே ஆகவேண்டும்.

அடுத்தபடியாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். காபித்தூள் நிறமாயிருப்பது ஆரோக்கியம். வெளுத்துச் சுண்ணாம்பு போலிருந்தால் எரிபொருள் போதாமல் சூடேறியிருக்கிறது. கரிபிடித்து நனைந்திருந்தால் எரிபொருள் மிகுதி, அல்லது பொறி பலவீனம். பிளக்கின் இடைவெளி 0.5 மி.மீ. இருத்தல் வேண்டும். சுழற்சக்கரத்தின் காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையே ஒரு விஸிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி போதுமானது.

பிறகு சைலன்ஸரைக் கழற்றவேண்டும். இரண்டு மூன்று திருகுகளே. அதன் பின்னுள்ள வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். பளபளவென்று, குறுக்கே மெல்லிய கடைசல் கோடுகள் தெரிந்தால் சிலிண்டரைத் தொட வேண்டியதே இல்லை. குற்றம் கார்புரேட்டரிலோ பொறியிலோ உள்ளது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தாலொழிய உட்பாகத்தைப் பிரித்தல் கூடாது.

பிஸ்டன் சொல்லும் சாட்சியம்

இங்கேதான் பொறுமை வேண்டும். இவ்வியந்திரத்தில் டீசல் பம்புசெட்டைப் போல எண்ணெய்த் தொட்டி தனியே இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே கிராங்கு அறை வழியாகச் சென்று பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு மேலே எரிகிறது. ஆகவே எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடும் வறட்சியும் ஒருங்கே வருகின்றன. கழற்றிய பிஸ்டனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எவ்விதம் கெட்டது என்பதை அதுவே சொல்லும்.

கீறல்கள் நாற்புறமும் சுற்றிலும் இருந்து, பிஸ்டன் வறண்டு காணப்பட்டால், எண்ணெய் கலவாத பெட்ரோல் ஊற்றப்பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய பெட்ரோலை வேலையாள் தெரியாமல் ஊற்றிவிடுவதே இதற்குச் சாதாரணக் காரணம்.

சைலன்ஸர் இருக்கும் பக்கம் மட்டும் கீறி, மறுபக்கம் சுத்தமாயிருந்தால், கலவையில் காற்று மிஞ்சியிருக்கிறது. கார்புரேட்டர் திருகை அதிகம் அடைத்ததாலும் இருக்கலாம். ஆனால் பழைய இயந்திரத்தில் கிராங்கு ஷாப்டின் ஆயில் சீல் கடினமாகி வெடித்தோ, கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் கீறியோ திருட்டுக் காற்று நுழைந்திருக்கக்கூடும். புதுப் பிஸ்டனையும் எரிப்பது பெரும்பாலும் இதுவே.

கார்புரேட்டர் பக்கம் மட்டும் பளபளப்பு மங்கி, கடைசல் கோடுகள் அழிந்து, பிஸ்டனின் கீழ்விளிம்பு மெலிந்திருந்தால், வடிகட்டியைத் தாண்டித் தூசி உட்புகுந்திருக்கிறது. டெல்டாவின் வண்டல் உலர்ந்தால் மாவுபோல் பறக்கும். தென்னைத் தூளும் நாரும் வடிகட்டியை அடைத்துவிடும். அடைபட்ட வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் சாணைக்கல்லை உள்ளே அனுப்புகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பிஸ்டன் தலையில் சிறு சிறு பள்ளங்கள் குத்தியிருந்தால் ஏதோ ஓர் இரும்புத் துணுக்கு உள்ளே சுழன்றிருக்கிறது. பேரிங்கின் கூடு உடைந்ததா, பிஸ்டன் முளையின் வளையம் கழன்றதா என்று தேடிக் கண்டாலன்றி மேற்கொண்டு ஒன்றும் செய்யலாகாது.

சிலிண்டர்

கும்பகோணத்துக் கடைசல் பட்டறையில் பம்புசெட் சிலிண்டரைத் துளை பெருக்குவதுபோல் இதைப் பெருக்க முடியாது. அலுமினியச் சிலிண்டரின் உட்புறம் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த, அல்லது குரோமியத்தாலான, மிக மெல்லிய கடின முலாம் ஒன்றே உள்ளது. நல்வாய்ப்பாக, சிலிண்டரில் காணும் கீறல்களிற் பல கீறல்களே அல்ல. பிஸ்டனின் அலுமினியம் உருகி முலாத்தின்மேல் அப்பிக்கொண்டதேயாம். பஞ்சு சுற்றிய குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் தடவினால், நுரைத்துக்கொண்டு அலுமினியம் கரையும். நுரை அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி தடவலாம். அமிலம் சிலிண்டரின் வாய்களிலுள்ள முலாமில்லாத அலுமினியத்தில் பட்டால் அதையும் தின்றுவிடும். இதைத் திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீச, கண்ணாடியும் ரப்பர் உறையும் அணிந்து செய்யவேண்டும். முடிவில் சோப்பு நீரில் நன்கு கழுவி, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். கழுவிய பிறகு விரல் நகத்தை மேலுங்கீழும் ஓட்டினால் எங்கேனும் தடுக்குமானால் முலாமே உரிந்துவிட்டது, அச்சிலிண்டர் உதவாது.

புதிய ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் தள்ளி, பிஸ்டன் தலையாலேயே நேராக்கி, முனைகளின் இடைவெளியைப் பார்க்கவேண்டும். 1 மி.மீ. க்கு மேற்பட்டால் ஒன்று சிலிண்டர் தேய்ந்தது, அல்லது ரிங் போலி. மலிவாகக் கிடைக்கும் சிலிண்டர்களில் வாய்களின் விளிம்பு கத்தி போலிருப்பதுண்டு. அவ்விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் சற்று மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும்.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் நோக்கவேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு முளையைக் கவ்வி நிற்கவேண்டும். முளை வளையங்களைப் பழையதே போதுமென்று போடுவது சில ரூபாய்க்காக முழு இயந்திரத்தையும் பணயம் வைப்பதாகும். வளையத்தின் திறந்த வாய் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ இருக்கட்டும்.

கிளட்சைக் கழற்றுவதில் பலர் ஏமாறுகிறார்கள். அதன் மரை பெரும்பாலும் இடப்புரி; வலப்புறம் திருப்பினாலே கழலும். கிராங்கு சுழலாமலிருக்கப் பிளக் துளையில் திருப்புளியைச் செருகினால் பிஸ்டன் துளைபட்டுப் போகும். பிஸ்டன் மேலேறிச் சைலன்ஸர் வாயை மூடிய பின், முடிச்சிட்ட நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாகத் திணித்தால் அது மெத்தைபோல் தாங்கும். கிளட்சும் சுழற்சக்கரமும் நீங்கியபின் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலுங்கீழும் ஆட்டிப் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. மேலுங்கீழும் அசைந்தால் கிராங்கு தேய்ந்துவிட்டது.

திருட்டுக் காற்றைப் பிடித்தல்

சிலிண்டரைப் பூட்டியதும் ஓட்டிப் பார்க்க ஆவல் எழும். அதை அடக்கிக்கொண்டு இச்சோதனையைச் செய்யவேண்டும். மிதிவண்டி டியூபிலிருந்து இரண்டு துண்டு ரப்பர் வெட்டி, ஒன்றைச் சைலன்ஸருக்கு அடியிலும் மற்றொன்றைக் கார்புரேட்டருக்கும் ரப்பர்க் குழாய்க்கும் இடையிலும் வைத்து முடுக்கினால் இரு வாய்களும் அடைபடும். கார்புரேட்டருக்குத் துடிப்புக் கொண்டுசெல்லும் சிறு துளை தனியே இருந்தால் அதையும் அடைக்கவேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் இரும்புக் கூட்டில் ரப்பர்க் குழாயைப் பொருத்திப் பிளக் துளையில் முடுக்கவேண்டும். காற்றடிக்க, வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் அதன் ரப்பர்க் குமிழும் முகப்பும் மிகவும் ஏற்றவை. மிதிவண்டிப் பம்பு அளவுமீறி அழுத்தி நல்ல சீலையும் பிதுக்கிவிடக்கூடும்.

பிஸ்டனைக் கீழே இறக்கி, முகப்பு 300 மி.மீ. காட்டும்வரை அழுத்தி நிறுத்தினால், அரை நிமிஷம் வரை முள் அசையாமல் நிற்கவேண்டும். இறங்கினால் சோப்பு நுரையை இரு பக்க ஆயில் சீல்களிலும், சிலிண்டர் அடியிலும், ரப்பர்க் குழாயிலும் தடவவேண்டும். நுரை எங்கே குமிழியிடுகிறதோ அங்கேதான் முதற்பிஸ்டனைக் கொன்றவன் இருக்கிறான். கிராங்கை மெல்லச் சுழற்றியும் பார்க்கவேண்டும். நிற்கும்போது அடைந்திருக்கும் சீல் சுழலும்போது கசிவதுண்டு. அழுத்தத்தைத் தாங்கி, உறிஞ்சும்போது மட்டும் கசியும் சீல்களும் உள்ளபடியால், உறிஞ்சு பம்பு கிடைத்தால் அதனாலும் சோதித்தல் நலம். எப்படியாயினும், உட்பாகத்தைப் பிரித்த இயந்திரத்துக்குச் சீல்களைப் புதிதாகவே போடுவது உத்தமம்.

எரிபொருளும் கார்புரேட்டரும்

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025 ல் நாடெங்கும் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மூடி தளர்ந்த பாத்திரத்தில் பல மாதம் கிடந்து போதிய ஈரம் சேருமானால், நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். டாங்கியிலுள்ள உறிஞ்சு வடிகட்டியும் அடியிலேயே கிடப்பதால் இயந்திரம் முதலில் குடிப்பது எண்ணெய்ப் பசையற்ற அந்த அடித்தண்ணீரைத்தான். எத்தனாலுக்கு ஏலாத பழைய ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரிலுள்ள மெல்லிய சவ்வும் உப்பியோ விறைத்தோ போகின்றன. சவ்வை விரல்மேல் வைத்தால் ஈரத் துணிபோல் தொய்யவேண்டும். காய்ந்த வாழைச் சருகுபோல் சலசலத்தால் மாற்றவேண்டும். அதனடியிலுள்ள ஊசியும், குண்டூசித் தலையளவான சல்லடையும் கூடவே சுத்தம் செய்யத்தக்கவை.

கலவையை இரண்டு மூன்று வாரத்திற்கு வேண்டிய அளவே தயாரிக்கவேண்டும். இயந்திரத்தோடு வந்த புத்தகம் 50 க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25 க்கு 1 என்றால் 40 மி.லி. இருவீச்சு எஞ்சினுக்குரிய எண்ணெய். கண்ணளவாக ஊற்றாமல், மருந்து அளக்கும் மூடியால் அளக்கவேண்டும்.

கார்புரேட்டரின் வேகத் திருகைக் காதால் திருத்தலாம். மரத்தில் வையாமல் முழு வேகம் கொடுத்தால், ஒலி சற்றுக் கரகரத்துத் தடுமாறவேண்டும். மரத்தில் வைத்தவுடன் அது தெளியவேண்டும். வெறும் ஓட்டத்திலேயே மெல்லிய கூர்ங்குரலாய்க் கிறீச்சிட்டால், கேட்பதற்கு மிடுக்காயிருப்பினும், அது வறட்சியின் குரல். திருகை உடனே சற்றுத் திறக்கவேண்டும். மெதுவோட்டத்தில் சங்கிலி நகராமல் நிற்கவேண்டும்.

சங்கிலியும் பாரும்

மழுங்கிய சங்கிலியை ஆள் அழுத்துகிறான், அழுத்தத்தால் எஞ்சின் திணறிச் சூடேறுகிறது, பார் தேய்கிறது. சங்கிலி தூளாக உதிர்த்தால் மழுங்கியது. சீவலாகத் தள்ளினால் கூர்மையானது. தென்னையின் புறப்பகுதி மிகக் கடினமாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருப்பதோடு, மட்டையடியில் மண்ணும் மணலும் தங்கியிருக்கும். வெட்டுமிடத்தை முதலில் அரிவாளால் செதுக்கிவிட்டால் கூர்மை நெடுநேரம் நிற்கும்.

அரத்தின் பருமன் சங்கிலியைப் பொறுத்தது. .325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ., 3/8 அங்குலச் சங்கிலிக்கு 5.2 மி.மீ., 3/8 தாழ்ந்த ரகத்திற்கு 4 மி.மீ. சாதாரணமாகச் சாய்வு 30 பாகை. அரத்தை முன்னோக்கியே தள்ளவேண்டும், இழுக்கலாகாது. எல்லாப் பற்களும் ஒரே நீளமாயிருக்கவேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையானால் வெட்டு ஒரு பக்கம் வளைந்தோடும். பல்லுக்கு முன்னுள்ள ஆழக்கட்டை பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கவேண்டும், ஆசைப்பட்டு அதிகம் தேய்த்தால் இயந்திரம் கையிலிருந்து துள்ளும்.

பாரைச் சங்கிலி தீட்டும்போதெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரு விளிம்பும் சமமாகத் தேயும். விளிம்பில் எழும்பும் பிசிறைத் தட்டை அரத்தால் நீக்கவேண்டும். ஸ்பிராக்கெட்டில் அரை மி.மீ. பள்ளம் விழுந்தால் மாற்றவேண்டும். பழைய ஸ்பிராக்கெட்டின்மேல் புதுச் சங்கிலி போட்டால் அதுவும் பழையதாகும். பார் முனையை வெள்ளைத் தாளுக்கு அருகில் காட்டி வேகமாக ஓட்டினால் எண்ணெய்க் கோடு விழவேண்டும். விழாவிடில் பாரின் எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்தவேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த கழிவெண்ணெயை இதற்கு ஊற்றுவது கிராமத்தில் வழக்கம். அதிலுள்ள உலோகத் துகள் எண்ணெய்ப் பம்பைத் தேய்ப்பதோடு, ஓட்டுபவன் உடம்பிலும் தெறிக்கிறது.

பிரேக்

பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுபவர்கள் சங்கிலி பிரேக்கின் பட்டை அறுந்திருந்தால், சாமான் கிடைக்கவில்லையென்று அதை விட்டுவிட்டுப் பூட்டுவதுண்டு. இயந்திரம் முன்போலவே ஓடும். குறை ஒன்றும் தெரியாது. பார் முனையின் மேற்பாதி ஒரு கிளையில் இடிக்கும் அந்த ஒரு க்ஷணத்தில், பார் ஓட்டுபவனின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். அப்போது இடக்கை மணிக்கட்டு முன்காப்பைத் தள்ளிச் சங்கிலியை நிறுத்துவதற்கென்றே அப்பிரேக் உள்ளது. பட்டையின்றி, அல்லது சங்கிலி அறுந்தால் பிடிக்கும் கொக்கியின்றி, அல்லது வேகக் கைப்பிடியின் பூட்டின்றி ஓர் இயந்திரத்தைக் கூலியாள் கையில் கொடுப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது. அச்சாமான் வரும்வரை இயந்திரம் மேஜைமேலேயே இருக்கட்டும். வந்து பூட்டியபின், இயந்திரத்தைத் தரையில் ஊன்றி இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, ஒரு விநாடி முழு வேகம் கொடுத்து மணிக்கட்டால் காப்பைத் தள்ளவேண்டும். சங்கிலி அக்கணமே நிற்கவேண்டும்.

கிராங்கு அறை வெடித்திருந்தாலும், பேரிங் உட்காரும் குழி தளர்ந்திருந்தாலும், மராமத்துச் செய்வதில் லாபமில்லை. அத்தகையதை உதிரிப் பாகங்களுக்கென வைத்துக்கொள்ளலாம். அவ்வறை பெரும்பாலும் மக்னீஷியம் கலந்த உலோகம்; அதைச் சாணையில் பிடித்தால் தூள் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும்.

புதுப் பிஸ்டனிட்ட இயந்திரத்தை முதல் இரண்டு மூன்று டாங்கி வரை வெறுமனே முழு வேகத்தில் அலறவிடாமல், நடுத்தரக் கட்டைகளில் விட்டுவிட்டு உழைக்கச் செய்யவேண்டும். முதல் டாங்கி தீர்ந்ததும் சைலன்ஸரை மறுபடி கழற்றிப் பிஸ்டனை ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். வேலை முடிந்து ஒரு மாதத்திற்கு மேல் எடுத்து வைப்பதானால், டாங்கியை வடித்து, மெதுவோட்டத்தில் தானே நிற்கும்வரை ஓட்டி, வடிகட்டியைக் கழுவி உலர்த்தி, சங்கிலியைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்து, எலி ரப்பர்க் குழாய்களைக் கடிக்காத உயரத்தில் சாக்கால் மூடித் தொங்கவிடவேண்டும். மாற்றிய பாகம், மாற்றிய தேதி, கண்ட காரணம் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அதனோடு கட்டிவைத்தால், அடுத்து அதைப் பிரிப்பவர் எவராயினும் பாதி வேலை மிச்சமாகும்.